பதில் மாப்பிள்ளை

ஹாலிஃபாக்ஸ்
12 மே 2003

நுன்சியாத்தா அவர்களுக்கு,

செரஃபினா எழுதுகிறேன். எந்தச் செரஃபினா என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் கொழுந்தன் ரொக்கோவின் மனைவி, உங்கள் ஓரகத்தி. அவர் இறந்து இரண்டு வருஷமாகிறது. அடக்கத்துக்கு நீங்கள் வரவில்லை. பேர் போடாமல் ஒரு மலர்வளையம் மட்டும் வந்தது. பேர் போடாததால்தான் அது உங்களுடையது என்று கண்டுபிடித்தேன். முகவரியைப் பாதிரியாரிடம் வாங்கினேன். தொலைபேசி எண்ணையும் கொடுத்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் குரலைக் கேட்கும் அளவுக்கு எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வியாழக்கிழமை எங்கள் கோயில் மாதர் சங்கத்துப் பெண்களைத் துறைமுகத்துப் பழைய கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். கப்பலிலிருந்து நீங்களும் நானும் வந்து இறங்கினோமே, அதே கூடம்தான். இப்போது அது குடியேறி வந்தவர்களின் அருங்காட்சியகம். நாம் மூட்டையும் பயமுமாக உட்கார்ந்திருந்த மரப்பெஞ்சுகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். உட்காரக் கூடாதாம்.

உள் அறையில் ஒரு சுவர் முழுக்கக் கல்யாணப் படங்கள். நான் பாட்டுக்கு யாருடைய முக்காடு நீளம் என்று பார்த்துக்கொண்டு போகிறேன். கூட வந்த அதெலீனா என் விலாவில் இடித்தாள்.

"ஏய் செரஃபினா, இது உன் வீட்டுக்காரர் இல்ல?"

பார்த்தேன். அவர்தான். இருபத்திரண்டு வயசு. கறுப்பு சூட்டு. இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஆட்டுக்கொம்பு குத்தின தழும்பு, ஒரு மைல் தூரத்திலிருந்தே தெரிகிறது. பக்கத்தில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள். கீழே பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கிறது: "தொனாத்தோவும் நுன்சியாத்தாவும். 1956இல் ஊரில் திருமணம் முடித்துக் கனடா வந்த தம்பதி."

என் புருஷனின் முகத்துக்குக் கீழே உங்கள் புருஷனின் பேர்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொனாத்தோ இங்கே வேலையில் இருந்தார், நீங்கள் ஊரில் இருந்தீர்கள். கோயிலில் அவருக்குப் பதிலாகத் தம்பி நின்று "சம்மதம்" சொன்னார். பதில் மாப்பிள்ளை. அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு அப்படித்தான் கல்யாணம் ஆயிற்று, எனக்கும் அப்படித்தான். ஆனால் பதிலுக்கு நின்றவரை நிஜ மாப்பிள்ளை என்று பித்தளையில் அடித்து மாட்ட உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பதினாறு பெண்கள் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. "உன் ஆளுக்கு முன்னாடியே ஒரு கல்யாணம் ஆச்சா?" என்று ஒருத்தி பேருந்திலேயே கேட்டுவிட்டாள்.

உடனே அருங்காட்சியகத்துக்கு எழுதி அந்தத் தகட்டை மாற்றச் சொல்லுங்கள். "நிற்பவர் ரொக்கோ, மணமகனின் தம்பி" என்று இருக்க வேண்டும். இதைத் தவிர உங்களிடம் எனக்கு ஒன்றும் வேண்டாம்.

செரஃபினா


ஹாமில்டன்
26 மே 2003

செரஃபினா,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறினது போலத்தான் இருக்கிறது.

படத்தை நான் கொடுக்கவில்லை. என் மகள் மிரெல்லா கொடுத்தாள். பழைய குடும்பப் படங்கள் கேட்டு அவர்கள் எழுதியிருந்தார்கள், இவள் அனுப்பிவிட்டாள். மாட்டிய பிறகுதான் எனக்கே தெரியும்.

தகட்டை மாற்ற எழுதமாட்டேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்றைக்குக் கோயிலில் பாதிரியார் "தொனாத்தோ, உனக்குச் சம்மதமா?" என்றுதான் கேட்டார். ரொக்கோ "சம்மதம்" என்றான். பதிவேட்டிலும் தொனாத்தோ என்றுதான் இருக்கிறது. அந்தப் பத்து நிமிஷம் அவன் தொனாத்தோதான். கோயிலுக்கே சரியாகப்பட்டது, மாதர் சங்கத்துக்கு ஏன் கசக்கிறது?

படத்தில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அது போதும்.

அடக்கத்துக்கு நான் வராததைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். எனக்கு அப்போது முழங்கால் அறுவை.

நுன்சியாத்தா


ஹாலிஃபாக்ஸ்
3 ஜூன் 2003

நுன்சியாத்தா அவர்களுக்கு,

முழங்கால் அறுவை என்றால் வாய்க்கும் கைக்குமா கட்டுப்போட்டார்கள்? ஒரு வரி எழுத முடியாதா? போகட்டும்.

பத்து நிமிஷம் அவர் தொனாத்தோ என்கிறீர்கள். சரி. மீதி நாற்பத்தைந்து வருஷம் அவர் யார் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் 1957இல் அந்தத் துறைமுகக் கூடத்தில் இறங்கினார். ரயில் ஏறி உங்கள் ஊருக்கு வரவில்லை, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். கடைசிக் கப்பல் வந்து கூடத்தைப் பூட்டுகிற வரைக்கும், பதினான்கு வருஷம், வந்தவர்கள் பெட்டியைச் சுமந்தார். சுங்கத்துக்காரர்கள் இறைச்சியைப் பிடுங்குவார்களே, ஞாபகம் இருக்கிறதா? நம் பெண்கள் தொத்திறைச்சியைப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டு வருவார்கள். இவர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டே நம் பேச்சில் சொல்வாராம்: "இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நடக்காதீங்கம்மா, நடையே காட்டிக் குடுத்துடும். புள்ளத்தாச்சி மாதிரி சாவகாசமா நடங்க." ஒரு கப்பலில் பதினொரு பிள்ளைத்தாச்சிகள் இறங்கினார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கூடத்தில் தூண் தூணாக அவருடைய தோள் பட்டிருக்கிறது. இன்றைக்கு அங்கே ஆயிரம் பேருடைய பேர் எழுதியிருக்கிறது. பெட்டி சுமந்தவர் பேர் ஒரு மூலையிலும் இல்லை. முகம் இருக்கிறது, அதன் கீழே வேறு ஆள். உங்களுக்கு அது தப்பாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டு நீங்கள் சந்தோஷப்படலாம். எங்கள் வீட்டில் கல்யாணப் படமே கிடையாது. 1961இல் எனக்குக் கல்யாணம் ஆனபோது இவர் இங்கே இருந்தார். இவருக்குப் பதிலாக என் அப்பாவே என் பக்கத்தில் நின்றார். இரவல் பூட்ஸ் கடித்ததில் முகத்தைச் சுளித்தபடி, படகுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறார். அந்தப் படம்தான் என்னிடம் இருக்கிறது. கப்பலிலிருந்து நான் இறங்கிய அன்று இவர் வேலை உடுப்பிலேயே வந்து என் பெட்டியைக் கைவண்டியில் ஏற்றினார். "கல்யாணம்தான் ஆயிடுச்சே, படம் எதுக்கு?" என்றார். ஆக, என் புருஷன் மாப்பிள்ளைக் கோலத்தில் இருக்கிற படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள்.

உங்களுக்கு எங்களைப் பிடிக்காது என்பது புதிதா? 1968 பிப்ரவரியில் மாமியார் இறந்தபோது, பேத்திக்கு என்று அவர் பின்னி வைத்த படுக்கை விரிப்பைக் கொடுக்க நாங்கள் இரண்டு நாள் ரயிலில் வந்தோம். நீங்கள் கதவுச் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை. நான் வாசல் கேட்டருகில் பனியில் நின்றேன். அவரிடம் இடுக்கு வழியாக ஏதோ சொன்னீர்கள், கதவு சாத்திவிட்டது. விரிப்பைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினோம். நீங்கள் மலைக்காரி, ஆட்டுப்பட்டி வீட்டு மூத்த மருமகள். நான் கடற்கரையில் மீன்காரன் மகள். மீன் வாடை வீட்டுக்குள் வந்துவிடும் என்றுதானே?

கடைசியாக ஒன்று. ரொக்கோ போன பிறகு அவர் இழுப்பறையில் தொனாத்தோவின் பாஸ்போர்ட் கிடைத்தது. படத்தோடு. உடைந்த மூக்கும் மடிந்த காதுமாக, உங்கள் நிஜப் புருஷன். இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் எழுதாவிட்டால் நானே அதை எடுத்துப்போய் அருங்காட்சியக மேசையில் வைக்கிறேன். இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். முழுப் பூசணிக்காயை எவ்வளவு நாள்தான் சோற்றில் மறைப்பீர்கள்?

செரஃபினா


ஹாமில்டன்
11 ஜூன் 2003

செரஃபினா,

அந்தப் பாஸ்போர்ட்டை நாற்பது வருஷமாகத் தேடுகிறேன். வீட்டில் தரைப்பலகையைக்கூடப் பெயர்த்துப் பார்த்திருக்கிறேன். தொனாத்தோவின் அடக்கத்துக்கு ரொக்கோ வந்திருந்தான். குளிருக்குச் சரியான கோட்டு இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் கோட்டை எடுத்து நானே அவனுக்குப் போட்டுவிட்டேன். உள்பையில் இருந்திருக்கிறது. எடுத்தவன் திருப்பித் தரவில்லை. நீயும் இரண்டு வருஷமாக வைத்துக்கொண்டு இப்போது கத்தி மாதிரி காட்டுகிறாய். உன் வீட்டில் இதற்கு என்ன பேர் சொல்வார்களோ, எங்கள் வீட்டில் திருட்டு என்று சொல்வார்கள்.

உனக்கு உள்ளூர என்ன எரிகிறது என்று எனக்குத் தெரிகிறது. அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உன் ரொக்கோ மேல் ஆட்டு வாடை அடித்தது. என் முக்காட்டை மிதித்தான். மோதிரத்தைத் தப்பான கையில் போட வந்தான், பாதிரியார் தட்டிவிட்டார். படம் எடுத்து முடித்ததும் என்னை என் அப்பா வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "அண்ணி, ஆட்டுக்குத் தீனி வைக்கணும், வரட்டா?" என்று போய்விட்டான். மூன்று மாதம் கழித்துத்தான் நான் கப்பலேறினேன். இதற்காக நாற்பது வருஷம் கழித்து நீ பொறாமைப்பட்டால் அது உன் தலையெழுத்து.

பாஸ்போர்ட்டை அங்கே கொண்டுபோகாதே. காரணம் கேட்காதே.

நுன்சியாத்தா


ஹாலிஃபாக்ஸ்
19 ஜூன் 2003

நுன்சியாத்தா அவர்களுக்கு,

காரணம் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மேசைக்காரப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். உங்கள் படம் நேர் எதிரே. ஆட்டு வாடை அடிக்கிற ஆள் மாதிரி அவர் தெரியவில்லை. கால் மரத்துப்போனதால் எழுந்து வந்துவிட்டேன், மனசு மாறியதால் அல்ல. வருகிற மாதம் முதல் தேதி மறுபடி போவேன்.

உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் சொல்லுங்கள். மலைக்காரிகள் வாயைத் திறந்தால் மலை சரிந்துவிடாது.

செரஃபினா


ஹாமில்டன்
24 ஜூன் 2003

செரஃபினா,

சொல்கிறேன். சொல்லிவிட்டேன் என்பதற்காக நாளைக்கு நாம் சிநேகிதிகள் ஆகிவிடப்போவதில்லை.

தொனாத்தோவுக்குப் படம் என்றாலே ஆகாது. காமிராவைக் கண்டால் வெளியே போய்விடுவார். மூக்கு உடைந்த நாளிலிருந்தே அப்படி. நாங்கள் சேர்ந்து இருந்தது நாலரை வருஷம், ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சாக்கடைக் குழாய் போட மண் வெட்டும்போது பள்ளம் சரிந்து போய்ச் சேர்ந்தார். மிரெல்லாவுக்கு அப்போது இரண்டு வயசு.

அவளுக்கு நாலு வயசு இருக்கும். அலமாரி மேல் இருந்த அந்தக் கல்யாணப் படத்தைக் காட்டி, "இதுதான் அப்பாவா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பத்து மணி நேரம் தையல் ஆலையில் நின்றுவிட்டு வந்திருந்தேன். இல்லை என்றால், பின்னே அப்பா எங்கே என்று கேட்பாள். காட்ட என்னிடம் ஒரு முகம் இல்லை. பாஸ்போர்ட்டும் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் படத்தைக் கீழே இறக்கி முத்தம் கொடுத்தாள். நான் சொன்ன பொய் அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அதற்குப் பிறகு தினமும் தூங்கப்போகும் முன் அந்த முகத்துக்கு முத்தம். கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கினபோது அந்தப் படத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பா கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து போனார் என்று நானும் கதை கட்டிக் கொடுத்தேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல்.

1968இல் நீங்கள் வந்தபோது அவளுக்குப் பத்து வயசு. அடுப்பங்கரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தால் வாசலில் அந்த முகம். அந்தப் புருவம். செத்துப்போன அப்பா பனியில் தொப்பியோடு நிற்கிறார். சங்கிலியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இடுக்கு வழியாகச் சொன்னேன்: "ரொக்கோ, உள்ள புள்ள இருக்கா. உன் படத்தத்தான் அப்பான்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கா. உன்னப் பாத்தா அவ தாங்கமாட்டா. போயிடு. இனிமே வராத."

அவன் என்னைப் பார்த்தான். தொப்பியை எடுத்தான், பிறகு மூக்கு வரைக்கும் இறக்கிப் போட்டுக்கொண்டு திரும்பினான். வீட்டுக்குப் போய் உன்னிடம் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். சொல்லவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. உன் மீன் வாடை என் நினைப்பிலேயே இல்லை. நீ அவ்வளவு பெரிய ஆள் இல்லை.

மிரெல்லாவுக்கு இப்போது நாற்பத்தைந்து வயசு. வருகிற பதினேழாம் தேதி படத்தைப் பார்க்க அங்கே வருகிறாள். பதினொரு மணிக்கு அருங்காட்சியகத்தில் உன்னைச் சந்திக்க முடியுமா என்று கேட்கச் சொன்னாள். உன் வீட்டுக்கும் வர வேண்டுமாம், சித்தப்பா வீடாம். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

உன் வீட்டில் ரொக்கோவின் படங்கள் எத்தனை மாட்டியிருக்கின்றன? அவள் வருகிற ஒரு நாள் மட்டும் இறக்கி வை. புருவம் ஒன்று போதும் அவளுக்கு.

நுன்சியாத்தா


ஹாலிஃபாக்ஸ்
2 ஜூலை 2003

நுன்சியாத்தா,

இந்தக் கடிதத்தில் உனக்கு மரியாதை கிடையாது.

என் வீட்டில் பன்னிரண்டு படங்கள் மாட்டியிருக்கின்றன. அவர் மீன் பிடிக்கிறார், மகனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், ஓய்வு பெற்ற அன்று வாங்கின கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் காலையில் எழுந்தால் பன்னிரண்டு தடவை அவரைப் பார்க்கிறேன். மகன் மேற்கே நாலாயிரம் மைலில் இருக்கிறான். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ முதலில் அவர் முகத்தை எடுத்துக்கொண்டாய். அப்புறம் அவர் பேரை எடுத்தாய். கூடப்பிறந்தவன் பிள்ளையைப் பார்க்கிற உரிமையை எடுத்தாய். உன்னால் முப்பத்து மூன்று வருஷம் அவர் என்னிடம் ஒரு விஷயத்தை மறைத்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மறைத்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதையும் உனக்காகத்தான் மறைத்தார். இப்போது என் சுவரிலிருந்தும் அவர் இறங்க வேண்டுமா? உயிரோடு இருந்தபோது உன் வாசலிலிருந்து துரத்தினாய். செத்த பிறகு அவர் வீட்டிலிருந்தே துரத்தச் சொல்கிறாய்.

முடியாது. அவள் வரட்டும். பதினொரு மணிக்கு நான் அங்கே இருப்பேன், பாஸ்போர்ட்டும் என்னோடு இருக்கும். நாற்பத்தைந்து வயசுப் பெண் தன் அப்பன் மூக்கைத் தாங்கமாட்டாளா?

செரஃபினா


ஹாமில்டன்
9 ஜூலை 2003

செரஃபினா,

மூக்கைத் தாங்குவாள். என்னைத் தாங்கமாட்டாள்.

மறுபடி கேட்கமாட்டேன். அவளுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது, சமைக்காதே.

நுன்சியாத்தா


ஹாலிஃபாக்ஸ்
21 ஜூலை 2003

நுன்சியாத்தா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதியதும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். உங்கள் பெண் என்னைச் சித்தி சித்தி என்று இரண்டு நாள் கூப்பிட்டதில் வாய்க்கு முறை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று அவள் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாததை நான் சொல்கிறேன்.

பதினேழாம் தேதி பத்தரைக்கே போய்விட்டேன். பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தது. பேச வேண்டியதை நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். உங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட அதில் இல்லை.

அவள் எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது, உங்கள் குடும்பத்து முதுகு. தலை நரைத்த பெண், மூக்குக்கண்ணாடி போட்ட பெண், அந்தப் படத்தின் முன்னால் நின்று இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்துக் கண்ணாடியில் வைத்தாள். ரொக்கோவின் கன்னத்தில். தொடக்கூடாது என்று காவல்காரர் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, "எங்கப்பாதான் சார்" என்றாள்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் புருஷனை இவ்வளவு ஆசையாகத் தொட இன்னொரு ஆள் உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. கோபம்தான் வந்தது. ஆனால் அது நான் கொண்டுவந்த கோபம் இல்லை, வேறு என்னவோ. பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. போய்த் தோளைத் தொட்டேன். "சித்தியா?" என்று கட்டிக்கொண்டாள். "சாயங்காலம் ஆறு மணிக்கு வாம்மா, அதுக்கு முன்னாடி வராத, வீடு பெருக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்சி பிடித்தேன். வாழ்க்கையில் முதல் டாக்சி.

பன்னிரண்டு படத்தையும் இறக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வைத்தேன். கடிகாரத்தோடு நிற்கிறவர் மட்டும் முறைத்தார்.

அவள் வந்து சாப்பிட்டாள். கத்தரிக்காய் போடவில்லை. சுவரில் வரிசையாக ஆணிகளைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா படம் ஒண்ணுகூட இல்லையா சித்தி? அப்பா மாதிரியே இருப்பாராமே" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவருக்குப் படம்னாலே ஆகாதும்மா. காமிராவக் கண்டா வெளிய போயிடுவாரு." உங்கள் கடிதத்தில் இருந்த வார்த்தைகளையே எடுத்துப் போட்டேன். உங்கள் புருஷன் குணத்தை என் புருஷனுக்குக் கொடுத்தேன். கணக்கு நேராகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மவர் கல்லறையில் செத்தவர் முகப்படம் பதிக்காத கல் ஏது? விடிந்ததும் ஓடிப்போய் பெரிய பூந்தொட்டி ஒன்றை வாங்கி அவர் முகத்துக்கு முன்னால் வைத்தேன். அவள் பேரைப் படிக்கக் குனிந்து தொட்டியில் கை வைத்தாள். "அதத் தொடாதம்மா, அடியில கட்டெறும்பு" என்றேன். அவரை நான் அவமானப்படுத்தியதில் அதுதான் உச்சம்.

அங்கே நிற்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. 1968இல் உங்கள் ஊருக்கு வரும்போது ரயிலில் அவர் நெஞ்சுப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். டிக்கெட் என்று நினைத்தேன். டிக்கெட் என்னிடம்தான் இருந்தது. அவர் திருடவில்லை, அக்கா. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார். நீங்கள் இடுக்கு வழியாகச் சொன்னதைக் கேட்ட பிறகு அவரால் அதை எப்படிக் கொடுக்க முடியும்?

ஆகவே நான் கொடுக்கிறேன். உங்கள் புருஷனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூக்கு உடைந்திருந்தாலும் கண் நன்றாக இருக்கிறது. அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உங்கள் பாடு. தகடு அப்படியே இருக்கட்டும், நான் இனி எழுதச் சொல்லமாட்டேன். ஆனால் நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் இங்கே வர வேண்டும். முழங்காலைச் சாக்குச் சொல்லக் கூடாது. அந்தப் பூந்தொட்டி கனமாக இருக்கிறது. நீங்கள்தான் அதை நகர்த்தி அவர் முகத்தைப் பார்த்து, "ரொக்கோ" என்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் பக்கத்தில் நின்று கேட்பேன்.

இன்னும் ஒன்று மிச்சம். உங்கள் பெண் கிளம்பும்போது ஒரு உறையைக் கையில் வைத்தாள். "சித்தப்பா படம் இல்லாட்டிப் போகுது சித்தி. இவரப் பாத்தாவது அவர நெனச்சுக்குங்க." உங்கள் கல்யாணப் படத்தின் பிரதி.

அவள் போனதும் என் கல்யாணப் படத்தையும் எடுத்து மேசையில் பக்கத்தில் வைத்தேன். உங்கள் படத்தில் நீங்கள் இடப்பக்கம், அவர் வலப்பக்கம். என் படத்தில் நான் இடப்பக்கம், அப்பா வலப்பக்கம். உங்களை மடித்துப் பின்னால் தள்ளினேன். அப்பாவையும் மடித்தேன். கத்தரிக்கோல் போடவில்லை, மடிப்புதான். இரண்டு பாதியையும் ஒரே சட்டத்தில் சேர்த்து வைத்தேன். என் தலை அவர் தோளுக்குத்தான் வருகிறது, நிஜத்திலும் அப்படித்தான் இருந்தது. உங்கள் விரல் நாலு மட்டும் அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, என்ன மடித்தாலும் போகவில்லை. என் விரல் என்று வைத்துக்கொள்கிறேன்.

நாற்பத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத கல்யாணப் படம் இப்போது அடுப்பங்கரை வாசலில் மாட்டியிருக்கிறது. நீங்களும் அதில் இருக்கிறீர்கள், பின்பக்கம், சுவரைப் பார்த்தபடி. என் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார், பேச்சுத் துணைக்கு ஆகும். மீன் வாடையை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செரஃபினா